ஸ்கைவிங் மெஷினில் எட்டு வருஷம்

போன கார்த்திகையில் ஊருக்குப் போனபோது சோளிங்கர் மலைக்குப் போவதோடு இன்னொரு வேலையும் வைத்திருந்தேன். என் பழைய பி.எஃப். கணக்கில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டும்.

அந்த எழுத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் வருஷம் ஜூன் மாதம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த கொஞ்ச நாளில், ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். அன்றைக்கு வரிசையில் நின்ற பெண்களில் என்னையும் சேர்த்து அதே பெயர் கொண்டவர்கள் மூன்று பேர். மூன்று பேருக்கும் அப்பா பெயரின் முதல் எழுத்தும் ஒன்றே. பதிவு எழுதியவர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டு யோசித்தார். "நீ எந்த ஊரும்மா?" என்றார். "கொண்டபாளையம்" என்றேன். இனிஷியல் இருக்க வேண்டிய இடத்தில் ஊரின் முதல் எழுத்தை எழுதிவிட்டார். அடுத்தவளுக்கு வாலாஜாவின் எழுத்து, அதற்கு அடுத்தவளுக்குப் பாணாவரத்தின் எழுத்து. எட்டு வருஷம் சம்பளச் சீட்டில் என் பெயருக்கு முன்னால் அப்பா இல்லை, ஊர்தான் இருந்தது. அது எனக்குக் குறையாகவே தெரியவில்லை.

இப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் தமிழ் ஆசிரியை. 2013-லிருந்து இங்கேயும் பி.எஃப். பிடிக்கிறார்கள். பழைய எட்டு வருஷத்தை இதோடு சேர்க்கப் போனால் ஆதாரில் ஒரு பெயர், பழைய கணக்கில் ஒரு பெயர். கம்பெனி மாறினாலும் மாறாத யூ.ஏ.என். நம்பர் வந்ததே 2014-இல்தான். என் கணக்கு அதற்கு முந்தையது. பழைய கம்பெனியின் கையெழுத்தும் சீலும் போட்ட கூட்டு உறுதிமொழிப் படிவம் வேண்டும். வேறு வழி இல்லை, நேரில் போக வேண்டியதுதான்.

அந்த எட்டு வருஷத்துக்குப் பி.எஃப். பென்ஷன் எவ்வளவு வரும் என்று தம்பி கணக்குப் போட்டுப் பார்த்தான். பென்ஷன் கணக்கு எளிமையானது: சம்பளத்தை சர்வீஸ் வருஷத்தால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். 2014 செப்டம்பருக்கு முந்தைய வருஷங்களுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 ரூபாய். அந்த உச்சவரம்பையே எனக்குப் போட்டாலும் 6,500 பெருக்கல் 8, வகுத்தல் 70. மாதம் 742 ரூபாய்ச் சொச்சம். "இதுக்காக்கா லீவு போட்டுட்டு அலையற?" என்று கேட்டான். அவன் கேட்டது என் மேல் உள்ள அக்கறையில்தான். ஆனால் அந்த 742 ரூபாயை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. பதினெட்டு வயசிலிருந்து இருபத்தாறு வரைக்குமான என் காலம் அதில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பெரிய மலைக்குப் போனேன். சோளிங்கர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரிய மலையில் யோக நரசிம்மர், 1,305 படி. எதிரே சின்ன மலையில் யோக ஆஞ்சநேயர். வருஷம் முழுக்க யோகத்தில் இருக்கும் நரசிம்மர் கார்த்திகையில் கண் திறக்கிறார் என்பது எங்கள் நம்பிக்கை. அதனால் அந்த மாத ஞாயிறுகளில் தக்கான் குளத்தில் கால் நனைக்கக்கூட இடம் கிடைக்காது. அம்மாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது. நான்கு வருஷமாக மலை ஏறவில்லை. 2024 மார்ச்சில் ரோப் கார் வந்த பிறகு இதுதான் முதல் தடவை. பெட்டி கிளம்பியதும் என் கையைப் பிடித்தவள் மேலே போய்ச் சேரும்வரை விடவில்லை. கீழே படிக்கட்டில் குரங்குகளும் ஜனங்களும் சிறிசாகிக்கொண்டே போனார்கள். "நீ கம்பெனிக்குப் போவசொல்ல கார்த்திகை ஞாயித்துக்கிழமைல கூட ஓட்டின்னு போயிடுவ. ஒரு வருஷம்கூட என்னோட வரல" என்றாள். ஓட்டி என்றால் ஓவர்டைம். உண்மைதான். ஐரோப்பாவில் வசந்த காலத்துக்குக் கடைக்கு வர வேண்டிய ஷூக்கள் எங்கள் ஊரில் கார்த்திகையிலும் மார்கழியிலும்தான் பெட்டியில் ஏறும்.

செவ்வாய்க்கிழமை காலையில் கிளம்பினேன். திங்கட்கிழமை ஆபீஸில் யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள் என்பது அந்தக் காலத்துப் பாடம்.

அப்போதெல்லாம் ஆறே காலுக்குக் கம்பெனி பஸ் மலையடிவாரத்தில் நிற்கும். ஒரு நிமிஷம் தாமதித்தாலும் கிளம்பிவிடும். அதைத் தவறவிட்டால் டவுன் பஸ் பிடித்து வாலாஜா, அங்கிருந்து முத்துக்கடை, அங்கிருந்து சிப்காட் என்று மூன்று பஸ் மாறிப் போவதற்குள் கேட்டில் அரை நாள் சம்பளம் போய்விடும். ஈரத் தலையைக் கொண்டை போட்டுக்கொண்டு ஏறி, ஜன்னல் ஓரம் கிடைத்தால் அங்கேயே தலையை விரித்துக் காயவைப்போம். பஸ் முழுக்க சீயக்காய் வாசனையும் டிபன் பாக்ஸிலிருந்து வரும் புளிக்குழம்பு வாசனையும். ராணிப்பேட்டை நெருங்க நெருங்க அந்த இரண்டையும் தோல் வாசனை மூடிவிடும்.

இந்தத் தடவையும் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வாசனை வந்ததும் ஊர் வந்துவிட்டது என்று தெரிந்தது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். எனக்கு அந்த வாசனை வந்ததும் வயிற்றில் ஒரு பரபரப்பு, லேட்டாகிவிட்டதோ என்று. பதினேழு வருஷம் ஆகியும் போகவில்லை.

இந்த மண்ணுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லாமல் மேலே போக என்னால் முடியாது. சிப்காட்டில் 1990-களின் நடுவிலேயே மூடிவிட்ட ஒரு குரோமேட் தொழிற்சாலை விட்டுப்போன கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் தேங்கும் தண்ணீர் மஞ்சளாக இருக்கும்; பஸ்ஸிலிருந்தே பார்ப்போம். 2006-இல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் உலகத்திலேயே மோசமாக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைச் சேர்த்தபோது எங்கள் லைனில் யாரோ பேப்பரைக் கொண்டுவந்து படித்துக் காட்டினார்கள். அதற்குப் பத்து வருஷம் முன்னால், 1996 ஆகஸ்டில், வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஷாப்புகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக் கொடுத்திருந்தது. மாசுபடுத்தியவனே ஈடு கட்ட வேண்டும் என்று சொன்ன, சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் படிக்கிற தீர்ப்பு. 2025 ஜனவரியிலும் அதே கோர்ட் அதே பாலாற்றுக்காக மறுபடி உத்தரவு போட வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் 2015 மே மாதத்திலிருந்து ஒரு சட்டம்: காலில் படும் ஷூத் தோலில் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கக் கூடாது. நல்ல சட்டம், வரவேற்கிறேன். அந்த மூன்று மில்லிகிராமையும் மஞ்சள் தண்ணீர் ஓடும் எங்கள் ஊரையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அதே 2015 ஜனவரி 31 அன்று சிப்காட்டின் கழிவுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்துத் தோல் ஷாப்பில் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளிகள் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். அந்த ரோட்டைத் தாண்டித்தான் எங்கள் கம்பெனி பஸ் தினமும் போகும்.

கேட் மாறியிருந்தது. பஞ்சிங் கார்டு போய், முகத்தைக் காட்டினால் திறக்கும் மெஷின் வந்திருந்தது. செக்யூரிட்டி அண்ணன் ஆதார் வாங்கிப் பார்த்து, நோட்டில் எழுதச் சொன்னார். "யாரைப் பார்க்க" என்ற கட்டத்தில் எச்.ஆர். என்று எழுதினேன். "வந்த காரணம்" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கொஞ்ச நேரம் நின்றேன். பி.எஃப். என்று எழுதிவிட்டு உள்ளே போனேன்.

எச்.ஆரில் இருந்த தம்பிக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். நான் வேலையை விட்டபோது அவன் இரண்டாங்கிளாஸ் படித்திருப்பான். மரியாதையாகப் பேசினான், டீ வரவழைத்தான். பழைய ரெஜிஸ்டர் எல்லாம் குடோனில் இருப்பதாகச் சொல்லி ஆளை அனுப்பினான். முக்கால் மணி நேரம் கழித்துத் தலையில் சிலந்திவலையோடு ஒருவர் நீளமான நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். எங்கள் பேட்ச் அப்படியே இருந்தது. நான், வாலாஜாக்காரி, பாணாவரத்துக்காரி, மூன்று பேரும் அடுத்தடுத்த வரியில். சேர்ந்த தேதி, நின்ற தேதி, கையெழுத்து. என் கையெழுத்து அப்போது உருண்டை உருண்டையாக இருந்திருக்கிறது.

முதல் மாதச் சீட்டு இன்னும் எனக்கு மனப்பாடம். சம்பளம் 1,400. பி.எஃப். 12 சதவீதம், 168 ரூபாய். இ.எஸ்.ஐ. 1.75 சதவீதம், இருபத்து நாலரை ரூபாய். கையில் 1,207 ரூபாய் ஐம்பது காசு. அந்த ஐம்பது காசையும் அம்மாவிடம் கொடுத்தேன்.

"மேடம், இனிஷியல் கரெக்ஷன் ஈஸிதான். இன்னைக்கே சைன் வாங்கிடலாம். சர்வீஸ் சர்டிபிகேட்டும் சேத்துக் குடுத்துடறேன்" என்று சொல்லி அடிக்க ஆரம்பித்தான். பிரின்ட் எடுத்துக் கொடுத்ததை வாங்கிப் படித்தேன். பெயர் சரி. தேதிகள் சரி. பதவி என்ற இடத்தில் 'ஹெல்பர்' என்று இருந்தது.

"தம்பி, நான் ஸ்கைவிங் ஆபரேட்டர்."

ரெஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினான். அதிலும் ஹெல்பர்தான். எனக்கு மேலே உள்ள வரியிலும் ஹெல்பர், கீழே உள்ள வரியிலும் ஹெல்பர். பக்கம் முழுக்கப் பெண்கள் பெயர், பக்கம் முழுக்க அதே சொல்.

ஸ்கைவிங் என்றால் என்ன என்று இதைப் படிக்கிற பலருக்குத் தெரிந்திருக்காது. உங்கள் காலில் தோல் ஷூ இருந்தால் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கால் நுழைகிற வாய்ப் பக்கத்தின் ஓரத்தைப் பாருங்கள். தோல் உள்பக்கமாக மடிந்து, மழமழவென்று இருக்கும். ஷூவின் மேல்பாகத் தோலுக்கு ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம் என்று வையுங்கள். அதை அப்படியே மடித்தால் இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிடும். கணுக்காலைக் கடித்துக் கொப்புளம் போட்டுவிடும். அதனால் மடிக்கிற ஓரத்தை மட்டும், எட்டு பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு, பாதிக் கனமாகச் சீவ வேண்டும். அதுவும் ஒரே மட்டமாகச் சீவினால் போதாது, உள்ளேயிருந்து ஓரத்துக்குச் சரிவாக இறங்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தோல் செத்துவிடும்; பின்னால் லாஸ்டிங்கில் அச்சின் மேல் போட்டு இழுக்கும்போது மடிப்பில் கிழியும். கிழிந்தால் கட்டிங், தையல், ஒட்டு என்று அதுவரை உழைத்த பத்து இருபது பேரின் வேலையும் வீண். இந்தச் சீவலைச் செய்கிறவள்தான் ஸ்கைவிங் ஆபரேட்டர்.

மெஷின் பார்க்கச் சின்னது, தையல் மெஷின் அளவு. உள்ளே மணி மாதிரி உருண்டையான கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். மேலே அழுத்திப் பிடிக்கும் பாதத்துக்கும் கீழே உள்ள உருளைக்கும் நடுவில், தோலின் வழவழப்பான பக்கம் மேலேயும் சதைப் பக்கம் கீழேயும் வைத்து ஓரத்தை நுழைக்க வேண்டும். கத்திக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் இடம். வளைவு வரும் இடத்தில் தோலைத் திருப்பும் வேகமும் உருளை இழுக்கும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் வளைவில் பள்ளம் விழும்.

எனக்குச் சொல்லிக்கொடுத்தது எங்கள் பஸ்ஸிலேயே வந்த ஓர் அக்கா. முதல் ஒரு மாதம் மெஷினைத் தொடவே விடவில்லை. சீவி முடித்த பீஸ்களை என் கையில் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் ஓரத்தைத் தடவச் சொல்வாள். "எங்க தடிப்பு கீதுன்னு சொல்லு." சொன்னால், கேஜ் வைத்து அளந்து காட்டுவாள். முதலில் பத்துக்கு இரண்டு சரியாகச் சொன்னேன். மூன்றாவது வாரம் எட்டு. மாதக் கடைசியில் கேஜையே எடுக்கவில்லை. "விரல் பேசிடுச்சு, இனிமே மெஷின்ல உக்காரு" என்றாள்.

தோல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்காது என்பதையும் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். முதுகுத் தோல் இறுக்கம், சொன்னபடி கேட்கும். வயிற்றுத் தோல் தொளதொள என்று இருக்கும். உருளை இழுத்தால் நீண்டு கொடுக்கும், ஆகவே கையை ஒரு துளி பின்னால் பிடிக்க வேண்டும். ஒரே ஜோடியின் இடது கால் பீஸ் முதுகிலிருந்தும் வலது கால் பீஸ் விலாவிலிருந்தும் வந்திருந்தால், இரண்டும் ஒரே மாதிரி மடியும்படி இரண்டையும் வேறு வேறு விதமாகச் சீவ வேண்டும். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. கத்தி மழுங்கினால் சத்தம் மாறும். ஸ்ஸ் என்று இருப்பது கர்ர் என்று ஆகும். அப்போது கத்தியின் மேல் சாணைக்கல்லை லேசாகத் தொட வைக்க வேண்டும். அதிகம் தொட்டால் பொறி பறக்கும், கத்தி தேய்ந்துவிடும். பொன்னை பஸ்ஸில் வரும் ஒரு பெண் எங்கள் வரிசையில் இருந்தாள். அதிகம் பேச மாட்டாள், பேசினால் திக்கும். அவள் கத்தி தீட்டினால் பொறியே வராது. சாயங்காலம் ஆனால் ஒவ்வொருத்தியாக அவளைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவோம்.

எட்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு எத்தனை ஜோடி, ஒரு ஜோடிக்கு எத்தனை பீஸ் என்று பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். இதற்கு ஹெல்பர் என்று பெயர். மத்திய அரசின் திறன் பட்டியலில் தோல் துறைக்கு வகுத்த வேலைகளில் ஸ்கைவிங் ஆபரேட்டர் என்று தனியாக ஒரு வேலையே இருக்கிறது. பள்ளியில் ஒரு மாணவியின் அண்ணனுக்குப் பயிற்சி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தபோது அதைப் பார்த்தேன். அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை வீட்டில் யாரிடமும் விளக்க முடியவில்லை. நான் செய்த வேலைக்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது.

எச்.ஆர். தம்பி சங்கடப்பட்டான். "ரெக்கார்டுல இருக்கறதத்தான் மேடம் குடுக்க முடியும். மேனேஜரைப் பாருங்க" என்றான். மேனேஜர் வேறு யாருமில்லை, எங்கள் லைன் சூபர்வைசராக இருந்த பாய். முடி வெளுத்திருந்தது. கதவைத் திறந்ததும் ஒரு கணம் பார்த்தார். பிறகு எழுந்தே நின்றுவிட்டார். "கொண்டபாளையம்!" என்றார். பெயர் அவருக்கு நினைவில்லை, ஊர் நினைவிருந்தது. பரீட்சைக்கு லீவு கேட்டு அழுததை நினைவுபடுத்தினார். மெட்ராஸ் யூனிவர்சிட்டி தபால்வழியில் பி.ஏ. தமிழ் படித்தேன்; பரீட்சையும் ஷிப்மென்ட்டும் ஒரே வாரத்தில் வரும். இரண்டு தடவை அவர் தன் பொறுப்பில் என்னை அனுப்பினார். அதை நான் மறக்கவில்லை என்று சொன்னேன்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. "அப்போ லேடீஸ் எல்லாருக்கும் ஹெல்பர்னுதாம்மா போட்டோம். கட்டிங்ல இருந்த பையனுங்களுக்கு மட்டும் கட்டர்னு போட்டோம். யாரும் கேக்கல, நாங்களும் யோசிக்கல" என்றார். அவர் அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பெரிதாகப் பட்டது. "எழுதிக் குடு. நான் மேல அனுப்பறேன். உனக்கு மட்டும்னு எழுதாத" என்றும் சொன்னார்.

பிறகு விசிட்டர் பேட்ஜ் மாட்டி உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

சத்தம்தான் முதலில் வந்து கட்டிக்கொண்டது. டேபிளில் மடிப்பைத் தட்டும் சுத்திகளின் டொக் டொக், தையல் மெஷின்களின் இரைச்சல், இடையில் சொல்யூஷன் வாசனை. ஆனால் ஸ்கைவிங் வரிசையில் முன்பு இருந்ததில் பாதி மெஷின்கூட இல்லை. பாதி லைனில் தோலே இல்லாத ஷூ ஓடிக்கொண்டிருந்தது. பின்னல் துணியில் செய்த மேல்பாகம். அதற்கு ஓரம் சீவும் வேலையே கிடையாது. உலகம் முழுக்க இப்போது அதைத்தான் போடுகிறார்கள். எங்கள் பக்கத்துப் பனப்பாக்கத்திலேயே 2024 டிசம்பரில் தைவானின் ஹாங் ஃபூ கம்பெனிக்கு அடிக்கல் நாட்டினார்கள்; 25,000 பேருக்கு வேலை என்று அறிவிப்பு. அங்கேயும் தோல் இல்லாத ஷூதான். சோளிங்கர் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு வீட்டுக்குக் கிட்டத்தில் வேலை கிடைக்கும் என்றால் எனக்குச் சந்தோஷமே. அந்தப் பிள்ளைகளைச் சேர்க்கும்போது பதவி என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறார்கள் என்று மட்டும் கவனிக்க வேண்டும்.

என் பழைய மெஷின் இருந்த இடத்தில் இப்போது வேறு மெஷின். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு இருபது வயசு இருக்கும். கறுப்புத் தோலில், ஷூவின் பின்பக்கத்துக்கான குவார்ட்டர் பீஸ் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினேன். வளைவுக்கு முன்னால் ஒரு நெல் அளவு இடத்தில் தடிப்பு. சொல்லலாமா வேண்டாமா என்று இருந்தது. அவளே, "இன்னாக்கா, தடிப்பா கீதா?" என்றாள். "இங்க" என்று காட்டினேன். கேஜ் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். தன் நாற்காலியிலிருந்து எழுந்து, "ஒண்ணு போட்டுக் காட்டுக்கா" என்றாள். பாய் தலையாட்டினார். உட்கார்ந்தேன். பெடலில் கால் வைத்தபோது பயமாக இருந்தது. முதல் பீஸ் ஓடிவிட்டது, பாழ். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதை அவள் வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு எதுவும் சொல்லாமல் நல்ல பண்டலில் வைத்தாள். வளைவில் கையை எப்போது பின்னால் பிடிக்க வேண்டும் என்று அவள் விரல்மேல் என் விரலை வைத்து இரண்டு பீஸ் ஓட்டிக் காட்டினேன்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த அக்கா அங்கேதான் இருந்தாள், டேபிளில். எனக்குத் தெரியாமல் பாய் ஆள் அனுப்பியிருக்கிறார். கண்ணாடி போட்டுக்கொண்டு நூல் பிசிர் வெட்டிக்கொண்டிருந்தவள் எழுந்து வந்து என் இரண்டு கன்னத்தையும் பிடித்தாள். கையில் சொல்யூஷன் ஒட்டியிருந்தது. "எப்டி கீற கண்ணு? டீச்சராயிட்டியாமே? உங்கம்மா சொல்லிச்சு." பார்வை மங்கியதால் ஆறு வருஷம் முன்பே மெஷினிலிருந்து எடுத்துவிட்டார்களாம். அவள் வலது கட்டைவிரல் நுனி இன்னும் அப்படியே, நகத்துக்குக் கீழே வழுவழுவென்று, ரேகை இல்லாமல். முகம் காட்டும் மெஷின் வருவதற்கு முன்னால் ரேகை வைக்கும் மெஷின் இருந்ததாம். அதில் அக்கா விரல் ஒரு நாளும் விழுந்ததில்லையாம்.

கேன்டீனில் சாப்பிடும்போது அவளுடைய பி.எஃப். கதையைக் கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம் என்று தோன்றியது, ஆனால் எழுதியாக வேண்டும். பெண்ணின் மஞ்சள் நீராட்டுக்கு ஒரு தடவை, வீட்டுக்குத் தளம் போட ஒரு தடவை, வேலையை விட்டதாக எழுதிக்கொடுத்து, 19-ஆம் நம்பர் ஃபார்மும் 10-சி ஃபார்மும் போட்டு, பணத்தை எடுத்திருக்கிறாள். இரண்டு மாதம் வீட்டில் இருந்துவிட்டுப் புது நம்பரில் சேர்வது. 10-சியில் எடுக்கும்போது பென்ஷனுக்கான சர்வீஸும் அதோடு போய்விடும் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் உழைத்தவளுக்குக் கணக்கில் இருப்பது ஏழு வருஷம். பென்ஷனுக்குப் பத்து வருஷம் வேண்டும், பத்து ஆக இன்னும் மூன்று வருஷம். வயசு ஐம்பத்திரண்டு. "ஓட்டிருவேன், நீ இன்னாத்துக்கு அழுவற" என்று என் தட்டில் ஒரு கரண்டி தயிர் ஊற்றினாள். இதைப் படிக்கிற தங்கைகளே, கம்பெனி மாறும்போது பணத்தைத்தான் எடுத்தாக வேண்டும் என்ற நிலைமை வந்தாலும் 10-சியில் பணத்துக்குப் பதில் ஸ்கீம் சர்டிபிகேட் கேளுங்கள். சர்வீஸ் சாகாமல் இருக்கும்.

அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுத ஆரம்பித்தேன். எங்கள் காலத்தில் ஸ்கைவிங் மெஷினில் உட்கார்ந்தவர்கள் யார் யார் என்று பட்டியல். பெயரை வைத்து யோசித்தால் வரவில்லை. பஸ்ஸை வைத்து யோசித்தால் வந்தது. சோளிங்கர் பஸ்ஸில் அக்காவையும் என்னையும் சேர்த்து நான்கு பேர். பாணாவரம் பஸ்ஸில் இரண்டு பேர். ஆற்காட்டுப் பக்கம் மூன்று. லாலாப்பேட்டை இரண்டு. மொத்தம் பதினோரு பேர். பக்கத்து டேபிளில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். யார் எந்த வருஷம் சேர்ந்தாள், யாருக்குக் கல்யாணம் ஆகி எங்கே போனாள், யார் இப்போது உயிரோடு இல்லை என்று எல்லாம் வந்தது. இவர்கள் அனைவரும் ஸ்கைவிங் ஆபரேட்டராகப் பணி செய்தவர்கள், சான்றிதழில் அப்படியே குறிப்பிட வேண்டும் என்று கேட்டு, கீழே என் கையெழுத்தும் அக்காவின் கையெழுத்தும். எச்.ஆர். தம்பி நகல் எடுத்து, சீல் வைத்து, தேதி போட்டுக் கொடுத்தான். பி.எஃப். படிவமும் கையெழுத்தாகி வந்துவிட்டது. ஹெல்பர் என்று இருந்த சர்டிபிகேட்டை மட்டும் வாங்காமல் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து சேரும்போது மலையில் விளக்குப் போட்டுவிட்டார்கள். அம்மா என் துப்பட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டு, "அதே வாசனை" என்று சொல்லி வாளியில் ஊறப்போட்டாள்.

ராத்திரி ஒன்பதரை மணிக்குப் போன் வந்தது. அக்கா.

"கண்ணு, தூங்கிட்டியா? யாரை உட்டுட்டோம் தெரியுமா? பொன்னை பஸ்ல வருமே, திக்கித் திக்கிப் பேசுமே, கத்தி தீட்டிக் குடுக்குமே. அது பேரு எழுதவே இல்லியே நாம."

எழுந்து லைட்டைப் போட்டேன். லெட்டரின் நகலை எடுத்துப் பார்த்தேன். பதினொன்றுக்குக் கீழே, எங்கள் கையெழுத்துக்கு மேலே, ஒரு வரிக்கு இடம் இருந்தது. அக்காவிடம் அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னேன். காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போன் பண்ணி இன்னொரு நாள் லீவு சொல்லிவிட்டு, வாலாஜா பஸ் ஏறினேன்.